நண்டுக் கதை போதும்! ஆறு நாற்காலி போடுங்கள்!



நண்டுக் கதையை இதுவரை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? கோயில் திருவிழா மேடை, பள்ளிப் பரிசளிப்பு விழா, கட்சிக் கூட்டம், தொழில்முனைவர் கருத்தரங்கு... எங்கே போனாலும் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்கிறார். மற்ற இனத்தாரின் நண்டுப் பானைக்கு மூடி வேண்டுமாம். தமிழனின் பானைக்கு மூடியே வேண்டாமாம். ஒரு நண்டு மேலே ஏறினால் மற்ற நண்டுகள் காலைப் பிடித்து இழுத்துவிடுமாம். கூட்டம் சிரிக்கிறது, கைதட்டுகிறது. நம்மைப் பார்த்து நாமே சிரித்துவிட்டு, கொடுத்த மீகூனைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறோம்.

இதே கதையைப் பிலிப்பைன்ஸ் மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களும் சொல்லிக்கொள்கிறார்கள். அடிமையாக விற்கப்பட்டவர்கள், காலனி ஆட்சியில் நசுக்கப்பட்டவர்கள், கூலிக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள்... இவர்கள் எல்லோருக்கும் ஒரே நண்டா? இது தமிழனின் குணம் என்றால் மணிலாவில் அதற்கு என்ன வேலை?

நண்டுகளைப் பிடித்து வந்து பானையில் போட்டது யார்? இந்தக் கேள்வியை மட்டும் எந்த மேடையிலும் கேட்கமாட்டார்கள். கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

இந்த முறை நான் எழுத வந்தது வியாபாரம் பற்றி. உரிமை பேசும் இடத்தில் வியாபாரத்துக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். உரிமையைக் கேட்க வாயே திறக்காத அளவுக்கு ஒரு குரல் நம்மை உள்ளேயிருந்து அமுக்கி வைத்திருக்கிறது. "நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது." வழக்கறிஞர் என்ற முறையில் என் மேசைக்கு முன்னால் உட்காரும் மனிதர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் குரலைத்தான். சட்டப் பிரச்சினை அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

விலை சொல்லக் கூசும் நாக்கு

மாசாய் அடுக்குமாடி வீட்டில் ரவிக்கை தைக்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கைவேலை அத்தனை நேர்த்தி. "எவ்வளவுக்கா?" என்று கேட்டால் தலை குனிகிறது. "நீங்க பார்த்துக் கொடுங்க." ஸ்கூடாயில் ஏர்கோன் கழுவிக் கொடுக்கும் தம்பியும் அப்படித்தான். வேலை முடிந்து வியர்வையோடு நிற்கிறான், வீட்டுக்காரர் கொடுத்ததை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்கிறான். எண்ணினால் மரியாதை இல்லையாம்!

இது பிறவிக் கூச்சமா? ஜொகூர் பாருவைச் சுற்றிப் பாருங்கள். இன்று காபிக் கடைகளும் பேரங்காடிகளும் நிற்கிற மவுண்ட் ஆஸ்டின், வீடமைப்புத் தாமான் ஆகிவிட்ட ரினி, தெப்ராவ், உலு திராம்... இவையெல்லாம் நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவிய தோட்டங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். எந்த நிரையில் வேலை என்று கங்காணி சொல்வார். பாலை நிறுப்பவர் வேறு. எடையை எழுதுவது கிராணி. கூலியை முடிவு செய்வது துரை. கடனை எழுதி வைத்திருப்பது கடைக்காரர். குடியிருந்த லயமும் தோட்டத்துக்குச் சொந்தம், வேலை போனால் கூரையும் போகும். தன் உழைப்புக்குத் தானே விலை சொல்லும் ஒரு நிமிடம்கூட அந்த வாழ்க்கையில் கிடையாது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் பெயர் வெட்டப்படும். மூன்று தலைமுறை இப்படிப் பழக்கப்பட்ட நாக்கு, நான்காவது தலைமுறையில் "ஒரு ரவிக்கை நாற்பது வெள்ளி" என்று சொல்லக் கூசுகிறது. இதில் அதிசயம் என்ன?

இரத்தத்திலேயே வியாபாரம் இல்லை என்பவர்களிடம் ஒரு கேள்வி. நகரத்தார் தமிழர் இல்லையா? தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தமிழர் இல்லையா? அதே கடலைத் தாண்டித்தானே அவர்களும் வந்தார்கள்! நகரத்தார் எப்படித் தொழில் செய்தார்கள் என்று பாருங்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி என்று நீளமான கூடம். ஒரே கூடத்தில் பல கடைகள். ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு கணக்கு. ஆனால் பக்கத்துப் பெட்டிக்காரர் கூப்பிடு தூரத்தில். புதிதாக ஊரிலிருந்து வந்த பையன் காலையில் கண் விழித்தால் தன்னைப் போன்ற பத்துப் பேர் கணக்கெழுதுவதைத்தான் பார்ப்பான். அவனுக்குத் தனியாக யாரும் தன்னம்பிக்கை வகுப்பு நடத்தவில்லை. ஒரே மொழி, ஒரே கடல், ஒரே காலம். ஒரு பக்கம் கிட்டங்கி, மறு பக்கம் லயம். இவர்களுக்கு முதல் இருந்தது, நமக்கு இல்லை, உண்மைதான். ஆனால் முதலோடு கூடவே அந்தக் கூடமும் அவர்களுக்கு இருந்தது.

ஐந்நூறு வெள்ளிக்குக் கூச்சல்

இப்போது ஒரு புதுத் தொழில் முளைத்திருக்கிறது. நம் தாழ்வு மனப்பான்மையை வைத்துச் சம்பாதிக்கும் தொழில். ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்பு. குளிர்சாதன அறை, பெரிய ஸ்பீக்கர். "என்னால் முடியும்!" என்று கத்தச் சொல்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிக்கச் சொல்கிறார்கள். சிலர் அழுகிறார்கள். கட்டணம் ஐந்நூறு, ஆயிரம். அடுத்த கட்ட வகுப்புக்கு இன்னும் இரண்டாயிரம். திங்கட்கிழமை விடிகிறது. மாவு அரைக்கும் கிரைண்டர் அதே கிரைண்டர். வாடகை அதே வாடகை. அந்த அறையில் கட்டிப்பிடித்தவர் யார், எந்த ஊர், எதுவும் தெரியாது.

பேச்சால் நம்பிக்கை வராது என்பது என் கோபம் மட்டுமல்ல. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977-இலேயே இதை எழுதினார். ஒரு காரியத்தைத் தானே செய்து முடித்துப் பார்ப்பதுதான் ஒரு மனிதனுக்கு வலுவான நம்பிக்கையைத் தரும். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பதும் உதவும். பிறர் வாயால் சொல்லும் ஊக்கம் அவ்வளவு வலுவானது அல்ல. நமக்குக் காசு வாங்கிக்கொண்டு விற்கப்படுவது எது என்று நீங்களே பாருங்கள்.

அகமதாபாத்தில் சேவா வங்கி என்று ஒன்று இருக்கிறது. சாலையோர வியாபாரிகள், தையல் வேலை செய்பவர்கள், வீட்டில் பீடி சுற்றுபவர்கள் போன்ற ஏழைப் பெண்களுக்கான வங்கி. அதன் வாடிக்கையாளர்கள் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 2016-இல் அதை வெளியிட்டார்கள். இரண்டு நாள் வியாபாரப் பயிற்சி. குலுக்கல் முறையில் சிலரைத் தனியாக வரச் சொன்னார்கள், சிலரை ஒரு தோழியோடு வரச் சொன்னார்கள். பாடம் ஒன்றுதான். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், தோழியோடு வந்தவர்கள் தொழிலுக்குக் கடன் வாங்கித் துணிந்து இறங்கியிருந்தார்கள். அவர்கள் வீட்டு வருமானமும் கூடியிருந்தது. தனியாக வந்தவர்களிடம் அப்படிச் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்களுக்குக் கட்டுப்பாடு அதிகமுள்ள சமூகங்களிலிருந்து வந்தவர்களுக்குத்தான் தோழியால் கிடைத்த பலன் அதிகம். யாரை அதிகமாக அமுக்கி வைத்திருக்கிறார்களோ அவருக்குத்தான் பக்கத்து நாற்காலி அதிகம் தேவைப்படுகிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு மாநிலம் முழுவதும் பரவின. வங்கி வாசலை மிதிக்கப் பயந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து மேலாளர் முன்னால் உட்கார்ந்தார்கள். வங்காள தேசத்தில் முகமட் யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கி ஏழைப் பெண்களை ஐந்து ஐந்து பேராக உட்கார வைத்தது. நம் மலேசியாவிலேயே அந்த முறையைப் பின்பற்றி 1987-இல் அமானா இக்தியார் தொடங்கப்பட்டது. இங்கேயும் ஐந்து பேர் குழுதான், வாராவாரம் கூட்டம்தான். மலாய்க் கம்பத்துப் பெண்கள் கெரோப்போக் பொரித்தும் கோழி வளர்த்தும் முன்னுக்கு வந்தபோது, அவர்கள் பக்கத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அப்போது தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு அடுக்குமாடிகளில் வந்து விழுந்துகொண்டிருந்த நம் பெண்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள்? 2024-இல் அதே அமானா இக்தியாரில் இந்தியப் பெண்களுக்கென "பெண்" என்ற திட்டத்தை 5 கோடி வெள்ளி ஒதுக்கி அறிவித்தார்கள். டெக்குனில் 2008 முதல் இந்தியர்களுக்கான ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. வரவேற்போம், பயன்படுத்துவோம். ஆனால் 1987-க்கும் 2024-க்கும் இடையில் எத்தனை வருடம் என்று விரல் விட்டு எண்ணுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். குழு என்று பெயர் வைத்ததெல்லாம் துணை ஆகிவிடாது. ஆந்திராவில் 2010-இல் என்ன நடந்தது? குறுங்கடன் நிறுவனங்கள் குழுவையே வசூல் போலீஸாக மாற்றின. ஒரு பெண் தவணை கட்டாவிட்டால் மற்றப் பெண்களை அவள் வீட்டு வாசலில் உட்கார வைத்தார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆகவே உங்கள் குழுவில் ஒருவர் கடனுக்கு மற்றவர் ஜாமீன் போடாதீர்கள். துணைக்கு வந்தவர் கடன்காரர் ஆனால் அந்த நாற்காலி அடுத்த வாரமே காலியாகிவிடும்.

"மைக்கா மாதிரி ஆயிடும்"

சேர்ந்து செய்வோம் என்று சொன்னாலே நம் பெரியவர்கள் வாயிலிருந்து வரும் வார்த்தை இது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சுமார் 66 ஆயிரம் பேர் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தார்கள். பிறகு பல வருடம் சொல்லத்தக்க லாபம் எதையும் பார்க்காமல் காகிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அந்தக் காகிதம் நம் சமூகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: தமிழனை நம்பாதே, உன்னையும் நம்பாதே!

ஆனால் அதற்கு 22 வருடம் முன்னால் நடந்ததை ஏன் சொல்ல மறந்தோம்? வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால் சீவுகிறவன் தோட்டம் வாங்குவதா என்று அன்றைக்கும் சிரித்தவர்கள் உண்டு. 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சங்கம் இன்றும் இருக்கிறது. அதிலும் குறைகள் உண்டு, சண்டைகள் உண்டு, அது வேறு கதை. ஆனால் பெரட்டுக்கு நின்ற அதே மனிதர்கள்தான் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து அந்தத் தோட்டத்தை வாங்கினார்கள். நண்டுகளாமே!

காரணம் இல்லாத கடிதம்

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

நீங்கள் ஓர் ஒட்டுக்கடைக்கு லைசென்ஸ் கேட்டு எழுதுகிறீர்கள். அல்லது கடனுக்கு மனுப் போடுகிறீர்கள். மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வருகிறது. உங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அவ்வளவுதான். ஏன் என்று ஒரு வரி இல்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். காரணம் சொல்லாமலேயே லைசென்ஸ் மறுக்கும் அதிகாரத்தை அது ஊராட்சி மன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

சரி, அவர்கள் காரணம் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தில் காரணத்தை எழுதுவது யார்? நீங்கள்! இரவு படுக்கையில் புரண்டுகொண்டு நீங்களே எழுதுகிறீர்கள். "நமக்கு மலாய் சரியா எழுத வரல." "படிப்பு இல்ல." "நம்ம முகத்தைப் பார்த்தே தெரிஞ்சிருக்கும்." காலையில் வீட்டில் இருப்பவர் அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறார்: "நான் அப்பவே சொன்னேன்ல, பேசாம சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன்னு." விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுகிறவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் இந்த ஊரில் பல தமிழ்க் குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. ஆனால் கடை வைக்க ஆசைப்பட்ட மனிதன், தன்னால் முடியாது என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு பாலம் ஏறுகிறானே, அது வேறு. விசாரணையே நடக்காத வழக்கில் தீர்ப்பு!

இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆறு பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் தன் கடிதத்தை மேசைமேல் வைக்கிறார். இன்னொருவர், "எனக்கும் வந்துச்சு" என்று தன்னுடையதை வைக்கிறார். மூன்றாவது கடிதமும் வருகிறது. மூன்றிலும் அதே வாசகம், அதே வரிகள். ஒருவருக்கு டிப்ளோமா இருக்கிறது, அவருக்கும் மறுப்பு. ஒருவருக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு, அவருக்கும் மறுப்பு. அப்படியென்றால் உங்கள் மலாய் காரணமில்லை, உங்கள் படிப்பு காரணமில்லை. அல்லது மறுபக்கமாகவும் நடக்கலாம். நான்காவது நபருக்குக் கடன் கிடைத்திருக்கிறது. அவர் ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையை இணைத்திருந்தார், மற்றவர்கள் இணைக்கவில்லை. அப்படியானால் அது இனப் பாகுபாடு இல்லை, ஒரு காகிதம் குறைந்திருக்கிறது, அடுத்த மாதம் சரிசெய்யலாம்.

தனியாக இருக்கும்போது இந்த இரண்டில் எது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியாததால்தான் எல்லாப் பழியையும் உங்கள் தலையிலேயே போட்டுக்கொள்கிறீர்கள். அல்லது எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் போட்டுவிட்டு முயற்சியை விட்டுவிடுகிறீர்கள். இரண்டாவது ரகம் நம் இயக்கத்துக்குள்ளேயே நிறைய உண்டு, சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

பாகுபாடுதான் என்று தெரிந்தால் கையில் என்ன இருக்கிறது? கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது விதி இருக்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு, அரசியலமைப்பே வெளிப்படையாக அனுமதித்த இடங்களைத் தவிர, இனத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. வியாபாரம், தொழில் தொடங்குவதிலும் நடத்துவதிலும் கூடாது என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. 153-ஆவது விதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது லைசென்ஸில் ஒதுக்கீட்டுக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அதே விதியின் ஒன்பதாம் உட்பிரிவையும் படிக்கச் சொல்லுங்கள். ஒதுக்கீடு செய்வதற்காக மட்டுமே வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை இந்த விதி நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. 153 என்ற எண்ணைச் சொன்னாலே வாயைப் பொத்திக்கொள்கிறோம். அதை முழுதாகப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்?

ஏன் ஆறு பேர்?

வழக்கறிஞர் மூளை இது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால்தான் அது சங்கம். சங்கம் என்றால் பதிவு வேண்டும். ஆறு பேர் என்றால் அந்தச் சட்டத்துக்குள் நீங்கள் வரமாட்டீர்கள். விண்ணப்பம் வேண்டாம், ஆண்டறிக்கை வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆறு பேருக்குத் தலைவர் தேவையில்லை! நம்மவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் முதல் கூட்டத்திலேயே தலைவர், துணைத்தலைவர், உதவித் தலைவர், ஆலோசகர் எல்லாம் முடிவாகி, இரண்டாவது கூட்டத்துக்குள் கடிதத்தாள் அச்சாகி, மூன்றாவது கூட்டத்தில் சங்கம் இரண்டாகிவிடும். ஆறு பேரில் பதவி கேட்டால் சிரித்துவிடுவார்கள். யாரையும் திறப்பு விழாவுக்குக் கூப்பிடாதீர்கள். சட்டமன்ற உறுப்பினர் வந்து படம் எடுத்துக்கொண்டால் அடுத்த நாள் அது உங்கள் குழு இல்லை.

ஆறு பேரும் வேறு வேறு தொழிலாக இருக்கட்டும். இரண்டு மாவு வியாபாரிகள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒருவரும் உண்மை விலையைச் சொல்லமாட்டார்கள். இது நண்டுக் குணம் இல்லை, எந்த இனத்திலும் அப்படித்தான். ஒரு தையல்காரர், ஒரு கேட்டரிங், ஒரு லாரி, ஒரு பூக்கட்டுபவர், ஒரு ஏர்கோன், பாசார் மாலாமில் வடை போடும் ஒருவர். இப்படிச் சேருங்கள். இன்னும் தொடங்காதவர் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் வரவேண்டும். "வீட்டில் விடமாட்டார்கள்" என்றால் அந்த வீட்டிலேயே கூட்டத்தை வையுங்கள். மாமியாரும் கேட்கட்டும்.

கூடும்போது என்ன செய்வது? கணக்கைத் திறந்து வைக்கவேண்டும். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். இந்த வாரம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது. ஓர் உதாரணம் சொல்கிறேன். இட்லி மாவு ஒரு பாக்கெட் மூன்று வெள்ளி என்று ஓர் அக்கா விற்கிறார். அரிசி, உளுந்து, மின்சாரம், பிளாஸ்டிக் பை, டெலிவரிக்குப் போன மகனின் பெட்ரோல் எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்தால் இரண்டு வெள்ளி எண்பது காசு ஆகிறது. இருபது காசுக்காக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருக்கிறார். "வியாபாரம் நமக்கு ராசி இல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது இந்த இருபது காசைத்தான். மேசையைச் சுற்றி ஐந்து பேர் அந்தக் கணக்கைப் பார்த்தபிறகு விலையைக் கூட்டச் சொல்ல ஒரு பேச்சாளரும் தேவையில்லை. "நாலு வெள்ளின்னு சொல்லிப் பாருங்கக்கா, எங்ககிட்டயே சொல்லிப் பாருங்க." வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். சிரிப்பு வரும். வரட்டும். அடுத்த வாரம் கடைக்காரரிடம் சொல்வார்.

அவர் நான்கு வெள்ளி என்று சொல்லி, இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றுபோனால்? அதையும் அந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டும். தோற்றுப்போன வாரத்தில்தான் கண்டிப்பாக வரவேண்டும். நம் ஆட்கள் நல்ல செய்தி இருந்தால் வருவார்கள், அடி விழுந்தால் போனை எடுக்கமாட்டார்கள். எடுக்காதவர் வீட்டுக்கு இரண்டு பேர் நேரில் போங்கள். பணம் கேட்கப் போகவில்லை என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் என்றதும் மூன்று சட்டங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, அந்த மேசையில் சீட்டுப் பிடிக்காதீர்கள். 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டத்தில் "கூட்டு", "சீட்டு" என்ற நம்முடைய சொற்களே இருக்கின்றன. சீட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்தால் ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதம், பத்து வருடம் வரை சிறை. எது தொழில், எது சிநேகிதம் என்று நீதிமன்றத்தில் போய் வாதாட வேண்டிய நிலைமை உங்களுக்கு வேண்டாம். இரண்டாவது, வட்டி முதலைகள். லைசென்ஸ் உள்ளவர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு வருடம் 18 விழுக்காடுக்கு மேல், அடமானத்தோடு 12 விழுக்காடுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. வருடத்துக்கு, மாதத்துக்கு அல்ல! லைசென்ஸ் இல்லாதவர் எழுதி வாங்கிய பத்திரம் நீதிமன்றத்தில் செல்லாது. வங்கி அட்டையையும் அடையாள அட்டையையும் பிடுங்கி வைத்துக்கொண்டு மிரட்டினால் குழுவோடு போய்ப் போலீஸில் புகார் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். மூன்றாவது, தொழிலைப் பதிவு செய்யுங்கள். சொந்தப் பெயரில் வருடம் 30 வெள்ளி, தொழில் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பதிவு இல்லாததால் கடன் மறுக்கப்பட்டதை இனப் பாகுபாடு என்று யாரிடமும் வாதிட முடியாது. வாதிடவும் நான் வரமாட்டேன்.

2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரிய பெரிய எண்களைச் சொல்கிறார்கள். அந்தத் தொழிற்சாலைகளில் சாப்பாடு யார் போடுவார்கள், சீருடை யார் தைப்பார்கள், லாரி யார் ஓட்டுவார்கள், புல் யார் வெட்டுவார்கள்? சின்னச் சின்னக் குத்தகைகள் வரும். ஒரு சிலர் காதுக்கு மட்டும் முதலில் எட்டும். நம் காதுக்கு எட்டும்போது தேதி முடிந்திருக்கும். ஆறு வீட்டுக்குப் பன்னிரண்டு காதுகள் இருந்தால் கொஞ்சம் முன்னாலேயே எட்டும்.

"இதெல்லாம் நீங்களே செய்துகொள்ளுங்கள், அரசாங்கத்தைக் கேட்காதீர்கள்" என்று நான் சொல்வதாக யாராவது திரித்தால் நம்பாதீர்கள். நேர் எதிர். கேட்பதற்குத்தான் இந்த மேசை. ஒரு மனிதன் போய் "எனக்குக் கொடுக்கல" என்றால் மனு. ஆறு பேர் ஆறு விண்ணப்பம், ஆறு ரசீது, ஆறு மறுப்புக் கடிதம், தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு போனால் ஆதாரம். காரணம் கேட்டு எழுத்துமூலம் கடிதம் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் பொதுப் புகார் பிரிவுக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அதே நகல்களை அனுப்புங்கள். எல்லா மறுப்பையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது, கொண்டுபோனாலும் ஜெயிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் சீராய்வு மனுவுக்கு மூன்று மாதம்தான் கெடு. முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணவேண்டும். அலமாரிக்கு மேலே, சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறீர்களே அந்தக் கடிதம், அதை இன்றைக்கே எடுத்து மேலே என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள்.